நடுவில் நிற்கவைத்த பிள்ளை

ராமுத்தாயைத் தெரியாதவர்கள் அந்த மலையில் குறைவு. பெரிய ஆள் என்பதால் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், அவ்வளவுதான். மூணாற்றிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற பாதையில், தேவிகுளம் தாண்டி ஓர் எஸ்டேட். அதில் மேல் லயத்தில் வரிசையாய் இருக்கிற பத்து வீடுகளில் நாலாவது அவளுடையது. அவள் அம்மா சங்கரன்கோவில் பக்கமிருந்து இவளை வயிற்றில் சுமந்துகொண்டு மலையேறினவள். இவள் அந்த லயத்திலேயே பிறந்து, பதினாலு வயதில் கூடை மாட்டி, பதினெட்டில் கம்பெனி ரிஜிஸ்டரில் பேர் பதிந்தவள். பேர் பதிவது என்றால் சும்மா இல்லை. வீடு உண்டு, வருஷத்துக்கு ஒரு கம்பளி உண்டு, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி உண்டு. அதை விட்டுவிட்டு வா என்று யார் கூப்பிட்டாலும் அவள் போகமாட்டாள். வந்த கஷ்டமெல்லாம் அந்தப் பிடிவாதத்தால் வந்ததுதான் என்று லயத்தில் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் வேலையை விட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சில் அவளைக் கருத்தப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். தேயிலை ஆலையில் வேலை. ஆனால் மலை அவன் உடம்புக்குச் சேரவில்லை. ஆனியில் சாரல் தொடங்கினால் அவனுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கும். படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பான். கீழே போய் இருந்தால்தான் பிழைப்பாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே போடியில் அவனுக்கு ஓர் அக்காள், சின்னத்தாய். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையில்லாதவள், ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கிப் பிழைக்கிறவள். "இங்க வந்துருங்க" என்று ஆள்மேல் ஆள் விட்டாள்.

"வா ராமு, போயிருவோம்," என்றான் கருத்தப்பாண்டி.

"போயி?"

"மண்டியில ரெண்டு பேருக்கும் வேலை தாராக."

"இன்னைக்குத் தாராக. நாளைக்கு ஏலக்கா இல்லைன்னா எந்திரிச்சுப் போன்னுவாக. எம்பேரு இங்க இருக்கு."

"பேரைக் கட்டிக்கிட்டா குடும்பம் நடத்துவே?"

"சாரல் அடிக்கையில நீங்க கீழ இருங்க. வெயில் அடிக்கையில மேல வாங்க. நான் எங்கயும் வரல."

சில வருஷம் அப்படித்தான் ஓடியது. அவன் மேலே வருகிற மாசங்கள் ஆறாகி, நாலாகி, இரண்டாகின. சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. எழுபத்திரண்டு வைகாசியில், தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினான். சரி என்று இவளும் சொல்லியனுப்பினாள்.

அவர்கள் ஜனத்தில் தீர்ப்பதற்குக் கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு துரும்பை இரண்டாய் ஒடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் தீர்ந்தது. பிள்ளை இருந்தால்தான் சிக்கல். பால்குடி என்றால் தாயோடு. ஐந்து வயது ஆகிவிட்டால் பிள்ளையை நடுவில் நிற்கவைப்பார்கள். ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் ஆத்தாள். யாரும் கூப்பிடக்கூடாது, கை நீட்டக்கூடாது. பிள்ளை யாரிடம் நடக்கிறதோ அவர்களோடு போகவேண்டியது. நடந்த பிறகு மறுபேச்சு கிடையாது.

அவர்களுக்கு ஒரே பெண், முத்துப்பேச்சி. பேச்சிக்கு அந்த மாசம்தான் ஐந்து முடிந்திருந்தது. ராமுத்தாய்க்குத் துரும்பைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளை தன்னிடம்தான் வரும் என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகமில்லை. வருஷத்தில் இரண்டு மாசம் பார்க்கிற அப்பனிடமா போய்விடும்?

கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமல், ஈரம் ஏறாமல் இருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு கட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் பார்த்தால் அந்தப் படங்கில் கறை இருக்கும், அட்டை இருக்கும், செடிக்கு அடித்த மருந்தும் இருக்கும். தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஓர் ஆயா கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். முன்பு ஒரு பிள்ளை ஓடிப்போய்த் தாயின் படங்கைக் கட்டிக்கொண்டு வாயில் வைத்துச் சப்பி, வாந்தியெடுத்து, ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு மூணாற்றுக்கு ஓடவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஆயா ஒரு சட்டம் போட்டாள். படங்கு கட்டியிருக்கிற தாயிடம் பிள்ளை போகக்கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். தாய் படங்கை அவிழ்த்து மாட்டி, கை கழுவின பிறகுதான் பிள்ளை ஓடவேண்டும். முந்தி ஓடினால் ஈர்க்குச்சியால் காலில் ஒன்று விழும். பேச்சிக்கு ஒரே ஒரு தரம் விழுந்தது. அதோடு சரி. ராமுத்தாயும் வீட்டில் அதையே பழக்கினாள். "அப்பிடியே நில்லு என் ராசா, அம்மா இந்தா வந்துட்டேன்" என்பாள். பேச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஒம்மகளைப் போல சொன்ன பேச்சு கேக்குற புள்ள இந்த எஸ்டேட்டுலயே இல்லடி," என்பாள் ஆயா. ராமுத்தாய்க்கு அதில் பெருமை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் வைகாசிக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்ததால் அன்றைக்கும் வேலை வைத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு விடச்சொல்லிக் கேட்டாள். எடை போட்டுவிட்டுப் போ என்றார்கள். எடைக் கொட்டகையில் வரிசை நகரவேயில்லை. வீட்டுக்கு ஓடி, குளித்து, நல்ல சேலையாய் ஒன்று கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தாள். கொட்டகையை விட்டு மேலே ஏறும்போதே மாரியம்மன் கோவில் முன்னால் ஆட்கள் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. போடியிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

"வா தாயி, பொழுது போச்சு," என்றார் பெரியமுத்து. அவர்தான் லயத்தில் மூத்தவர், கங்காணியாய் இருந்து ஓய்ந்தவர், இவள் அப்பனுக்குத் தம்பி முறை. "கூடையை இறக்கிட்டு அங்கிட்டு நில்லு."

இறக்கினாள். நின்றாள். துரும்பு ஒடித்துக் கொடுத்தார்கள். பிள்ளையை நடுவில் விட்டார்கள்.

பேச்சி தாயைப் பார்த்தாள். முகம் விரிந்தது. அப்புறம் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

கூட்டம் காத்திருந்தது. கருத்தப்பாண்டி வெள்ளை வேட்டியும் சட்டையுமாய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ராமுத்தாய், கூப்பிடக்கூடாது என்ற ஒன்றையே மனசில் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி நின்றாள்.

"யாருகிட்ட போறியோ போ தாயி," என்றார் பெரியமுத்து.

பேச்சி நகரவில்லை.

"ரெண்டு பேருமே வேண்டாம் போல," என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

"பஸ்ஸு போயிரும்யா," என்றார் போடியிலிருந்து வந்த ஒருவர்.

"போ புள்ள! யாருகிட்டயாச்சும் போ!" பெரியமுத்துவின் குரல் உயர்ந்தது. பிள்ளை மிரண்டுவிட்டது. தாயை ஒரு பார்வை, தாயின் இடுப்பை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் திரும்பி, மெள்ள நடந்து, அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

கருத்தப்பாண்டியே எதிர்பார்க்கவில்லை. குனிந்து தூக்கினான். அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "அம்மா, நீ இன்னும் அவுக்கல," என்றாள் பேச்சி.

ராமுத்தாய் அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

"சித்தப்பா, இன்னொருக்க நிப்பாட்டுங்க. படங்கு இருக்கு."

"என்ன படங்கு?"

"படங்கு கட்டியிருந்தா வரமாட்டா. நாந்தான் அப்படிப் பழக்கியிருக்கேன். அவுத்துட்டு நிக்கேன். ஒருக்க கேளுங்க."

"தோத்த பெறகு ஆளுக்கு ஒண்ணு சொல்லத்தான் செய்வாக," என்றார் போடிக்காரர்.

பெரியமுத்துவுக்குத் தெரியும். அவர் பெண்சாதியும் இருபது வருஷம் படங்கு கட்டினவள்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நடந்தது நடந்ததுதான் தாயி. உனக்காக ஒருக்க மாத்தினா, நாளைக்கு எல்லாரும் மாத்தச் சொல்லுவாக," என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல், மாசத்தில் கடைசிச் சனிக்கிழமை பிள்ளையை அப்பன் போடிமெட்டுக்குக் கொண்டுவரவேண்டும், ஒரு ராத்திரி தாயோடு இருந்துவிட்டு மறுநாள் அதே இடத்தில் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதுவரைக்கும் அந்த ஜனத்தில் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

ராமுத்தாய் அழுதாளா என்றால், அழவில்லை. மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டபோது வரிசையில் நின்றாள். கை தன்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளியது. அன்றைக்கு வழக்கத்தைவிட நாலு ராத்தல் கூடவே எடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற சாந்தம்மாள், "ஏண்டி, வாய்விட்டு அழுதா கொஞ்சம் எறங்கும்ல," என்றாள்.

"எறங்க என்ன இருக்கு? பெரட்டிப் போட்ட சட்டி மாதிரி இருக்கு," என்றாள் ராமுத்தாய். அப்படித்தான் இருந்தது. பசித்தால் சாப்பிட்டாள். குளிர்ந்தால் போர்த்தினாள். பிள்ளையின் பாவாடை ஒன்று கொடியில் கிடந்தது. அதை மூன்று மாசம் எடுக்கவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. கண்ணில் பட்டது, கைக்குத் தோன்றவில்லை.

ஏழு வருஷம் போடிமெட்டில் பிள்ளையை மாற்றினார்கள். இவள் மேலேயிருந்து ஒரு பஸ்ஸில் வருவாள், அவன் கீழேயிருந்து ஒரு பஸ்ஸில் வருவான். எல்லைச் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் வர்க்கி என்கிற மலையாளத்துக்காரரின் டீக்கடை. அந்தப் பெஞ்சுதான் இடம். பேசுவதற்கு அதிகம் இருக்காது.

"காச்சல் இருந்துச்சு. மாத்திரை பையில கெடக்கு."

"எத்தனை வேளை?"

"காலைக்கும் ராவைக்கும்."

"சரி."

தமிழ்நாட்டு அரிசி மலையேறக்கூடாது என்று காவல் இருந்த காலம் அது. ஒரு தடவை காவல்காரன் பேச்சியின் துணிப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, பாவாடைக்குள் சுற்றியிருந்த இரண்டு படி அரிசியை வெளியே எடுத்தான்.

"யாரு பாப்பா குடுத்தது?"

"அத்தை. அம்மாவுக்கு."

வர்க்கி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எடோ, ஏலக்கா கடத்துறவனெல்லாம் ஜீப்புல போறான். நீ கொச்சுப்பிள்ளை பாவாடையில அரிசி தேடுறியா? விடுடோ!" காவல்காரனே சிரித்துவிட்டான். பை அரிசியோடு வந்தது. ராமுத்தாய் அந்த அரிசியைப் பொங்கவில்லை. அடுத்த மாசம் அப்படியே திருப்பிக் கட்டிக் கொடுத்தாள். அதற்கடுத்த மாசம் அது மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை போய்வந்து, வண்டு விழுந்த பிறகுதான் பொங்கினாள். அவளும் பிடிவாதம், சின்னத்தாயும் பிடிவாதம்.

எழுபத்தேழில் கருத்தப்பாண்டி வேறொருத்தியைக் கட்டினான். அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அதிலிருந்து பேச்சி இரண்டு தெரு தள்ளி அத்தையோடு இருக்கத் தொடங்கினாள். எழுபத்தொன்பதில், அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, ஒரு சனிக்கிழமை கருத்தப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"இனி இவளை நீயே வச்சுக்க ராமு. பெரிய மனுஷியாகப் போற பிள்ளை. எனக்கு ரெண்டு வீட்டையும் பாக்க முடியல. நாளைக்கு வாரேன், முடிவைச் சொல்லு."

சேதி லயத்துக்கு அன்றைக்கே வந்துவிட்டது. பெரியமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"ஆடி கழியட்டும். போடியில இருந்து ஆளை வரச்சொல்லி உக்காருவோம். பிள்ளையை நிப்பாட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டா முறையாப் போச்சு. இந்தத் தடவை உனக்குத்தான்டி. அப்பனே வேண்டாங்கிறான்."

"கூட்டம் வேண்டாம் சித்தப்பா."

"கிறுக்கா உனக்கு? ஏழு வருஷமா இதுக்குத்தானே கெடந்தே?"

"அவளை இன்னொருக்க நடுவுல நிப்பாட்ட விடமாட்டேன்."

"கேக்காம எப்படி?"

"நான் கேட்டுக்கிடுதேன்."

கிழவர் கம்பைத் தரையில் தட்டினார். "சபையில கேட்டா நிச்சயமா வந்துரும். நீ கேட்டா என்ன சொல்லும்னு யாரு கண்டா?"

"அதுக்குத்தான் நான் கேக்கேன்," என்றாள்.

சாந்தம்மாள் அடுத்த வீட்டிலிருந்து திட்டினாள். "கையில வந்த புள்ளையைப் பிடிச்சு வைக்கத் துப்பில்ல, நியாயம் பேசுதா!" ராமுத்தாய் குடத்தை எடுத்தாள். பேச்சியைக் கூப்பிட்டு, தண்ணீர் எடுக்கிற பீலிக்கு அழைத்துப்போனாள். குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இங்க இருக்கியா, அங்க இருக்கியா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. இன்னைக்கே சொல்லணும்னும் இல்ல."

பேச்சி தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"அத்தைக்குக் கண்ணு மங்கிப்போச்சும்மா," என்றாள். "காயில பச்சையையும் வெளுப்பையும் பிரிக்கத் தெரியல. பள்ளிக்கூடம் விட்டு நான் பக்கத்துல உக்காந்து பொறுக்குதேன். இல்லைன்னா மண்டியில நிப்பாட்டிருவாக."

"ம்."

"உனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, சாந்தம்மா பெரியம்மை இருக்கு. அத்தைக்கு நான்தான் இருக்கேன்." நிறுத்திவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்தாள். "கோவமா?"

"இல்ல. குடத்தைப் பிடி."

கோபம் இல்லைதான். வருத்தம் என்றும் சொல்லமுடியாது. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அதுபோல இருந்தது. அன்றைக்குப் பேச்சிக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உப்புச் சரியாகவே இருந்தது.

ஞாயிறு காலையிலேயே கிளம்பி, உச்சிவேளைக்குப் போடிமெட்டில் இறங்கினார்கள். கருத்தப்பாண்டி பெஞ்சில் இருந்தான். பேச்சியைத் துணிமூட்டையோடு பார்த்துவிட்டு எழுந்தான்.

"என்ன, திரும்பக் கூட்டியாந்துட்டே?"

"மதினியோட இருக்கேங்கா."

"கூட்டத்துல கேட்டிருந்தா உங்கிட்டதான் வந்திருப்பா."

"வந்திருப்பா. அத்தனை சனம் பாக்கையில பிள்ளை வேற என்ன செய்யும்?"

அவன் டீக்குக் காசை எடுத்து வைத்தான். அப்புறம், "நாளைக்குச் சடங்கு கிடங்குன்னு வந்தா?" என்றான்.

"எங்க உக்காருதாளோ அங்க செய்வோம். எந்தம்பி சீரு கொண்டாருவான். நீங்க பந்தலைப் போடுங்க."

போடி பஸ் வந்தது. அவன் பிள்ளையின் மூட்டைக்குக் கை நீட்டினான். ராமுத்தாய் கொடுக்காமல் தானே ஏறிக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அந்தச் செக்போஸ்டைத் தாண்டி அவள் கீழே இறங்கியதில்லை. பேச்சி பின்னால் ஏறினாள். கருத்தப்பாண்டி கடைசியாய் ஏறி, முன்னால் தனியே உட்கார்ந்தான்.

சின்னத்தாயின் வீடு ஒரே அறை. முறத்தில் காயை வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"யாரு?"

"நாந்தான் மதினி. ராமுத்தாய்."

சின்னத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்தாள். "அவ துணியெல்லாம் பெட்டியில இருக்கு. எடுத்துத் தாரேன். புஸ்தகம் மட்டும் பள்ளிக்கூடத்துல சொல்லி..."

"துணி எடுக்க வரல. இங்கயே இருக்கட்டும்."

"என்னது?"

"உங்ககூட இருக்கேன்னு சொல்லிட்டா. மாசக் கடைசியில அவளா பஸ் ஏறி வரட்டும். பன்னெண்டு வயசாச்சு, யாரும் கொண்டாந்து கைமாத்த வேண்டாம்."

சின்னத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ராமுத்தாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முறத்தை இழுத்துத் தன் மடியில் வைத்து, பேச்சியிடம், "எது எதுல போடணும்?" என்று கேட்டாள். பேச்சி காட்டிக்கொடுத்தாள். தேயிலையில் பழகிய கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

"நீ எப்படித்தான் தாங்குதியோ தாயி," என்றாள் சின்னத்தாய்.

"தெரியல மதினி. ஒண்ணும் தெரியல."

சின்னத்தாய் சோறு போட்டாள், இவள் சாப்பிட்டாள். நாலு மணிக்கு மலை பஸ். பேச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"கடைசிச் சனிக்கிழமை வாரேன்மா."

"வா."

"மழை பேஞ்சா?"

"மழை பேஞ்சா வராதே. பாதையில மண்ணு சரியும். அடுத்த வாரம் வா."

"பஸ்ஸுல எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியும். போ, அத்தை தனியா இருக்கும்."

பஸ் நகர்ந்தது. பேச்சி கையாட்டினாள். இவளும் ஆட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் கோழிக்கூடையோடு ஒருத்தி ஏறி, "கொஞ்சம் தள்ளுக்கா," என்றாள். ராமுத்தாய் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.